அடுப்புச் சுவரோரச் செடி

செப்டம்பர் 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. நேரே செடிக்கு வருகிறேன். மொட்டு வைத்துவிட்டதா?

விதைக்கடையில் நாள் முழுக்க நிற்பதில் ஒரு லாபம் உண்டு. வருகிறவர்கள் வாங்குவது ஒரு பொட்டலம் கீரை விதை, பேசுவது ஒரு தோட்டத்துக்கான பேச்சு. நேற்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். நம் செடி போலவே அவர் வீட்டிலும் ஒரு கமேலியா இருக்கிறதாம். அது தேயிலைச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்றார். எந்தக் குளிரிலும் இலை கொட்டாது, பார்த்தால் எல்லாவற்றையும் தாங்கும் போலிருக்கும், மொட்டு மட்டும் பச்சைப் பிள்ளை என்றார். "ராத்திரி உறைஞ்சு போன மொட்டு மேல காலை வெயில் சுளீர்னு பட்டா அவ்ளோதான்மா. மெதுவா இளகணும். அவசரப்படுத்தினா கருகிடும்." இதைக் கேட்டதும் எனக்கு நம் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. மூன்று பக்கம் சுவர், கிழக்கே மாடி வீடு, வெயில் எட்டிப் பார்க்கவே பதினோரு மணி ஆகும். போதாததற்கு முதுகுப் பக்கம் ரொட்டிக்கடை அடுப்புச் சுவர். அண்ணன் யோசிக்காமலா அந்த இடத்தில் வைத்தான்.

அவன் வேலைக்குப் போன கப்பல் காணாமல் போய் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இரண்டு தடவையும் மொட்டைப் பனி கருக்கிவிட்டது என்று எழுதினீர்கள். இந்த வருஷம் விடுவதாக இல்லை. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "முதல் பூ விடறதுக்குள்ள வந்துடுவேன். பந்தயத்துல யாரு ஜெயிச்சான்னு நான் பாக்க வேணாமா?" சிவப்பு என்றான் அவன். வெள்ளை என்றீர்கள் நீங்கள். ரோஸ் என்று நான். அண்ணன் இல்லாவிட்டாலும் அவன் வைத்த செடியாவது பூக்கட்டும், அண்ணி.

உங்கள் வீட்டில் போன் இருந்திருந்தால் இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் கேட்டிருப்பேன். மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து, அது வேறு யாரோ என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவீர்களே, அதை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பே வேண்டாம் என்று துண்டித்ததற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மொட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தபால் வருமா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

உங்கள்
வாலு


செப்டம்பர் 19

வாலு,

மொட்டு வைத்திருக்கிறது. பட்டாணி அளவு. எண்ணவில்லை.

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை அதிகம். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஒருவரின் மேல்வரிசைப் பல் செட் என் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி மறுபடி திருப்பி அனுப்புகிறார். போட்டுக்கொண்டு சிரித்தால் தன் பழைய சிரிப்பு மாதிரி இல்லையாம். இதற்கு முன் அவர் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் அல்லவா ஒப்பிட்டுச் சொல்வதற்கு. அரத்தை வைத்து ராவி ராவி என் விரல் நுனியெல்லாம் மழுங்கிவிட்டது.

ரொட்டிக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "உங்க செடிக்கு நான்தான்மா கணப்புப் போடறேன். பூத்தா முதல் பூ என் கல்லாவுக்கு" என்றார். சரி என்று சொல்லி வைத்தேன்.

"அண்ணன் இல்லாவிட்டாலும்" என்று எழுதியிருக்கிறாய். கை தவறி எழுதியிருப்பாய் என்று நினைத்து இரண்டு தடவை படித்தேன். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். காணாமல் போனது கப்பல். அவரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வார்த்தையை இனி என் வீட்டுக்குத் தபாலில் அனுப்பாதே.

செடியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ரயிலில் உட்கார்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வர வேண்டாம்.

அண்ணி


அக்டோபர் 15

அண்ணிக்கு,

அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன். இனி என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அடுப்புச் சுவர் சூடாக இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். ரொட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகூட அடுப்பை அணைக்கிறவர் இல்லை. வெயிலும் காலையில் படுவதில்லை. அப்புறம் எப்படி வருஷா வருஷம் பனி வந்து கருக்கிவிட்டுப் போகிறது? கம்பளிக்குள் படுத்தவனுக்குத்தான் முதலில் ஜலதோஷம் பிடித்தது என்பது போல இருக்கிறது. தபால்காரரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "செடியை ஒரு தடவை நேர்ல பாத்தாதான்மா சொல்ல முடியும்" என்றார்.

அதனால் நான் வருகிறேன். முதலாளியிடம் லீவு சொல்லியாகிவிட்டது. காலி விதைச் சாக்கு, கயிறு, மூங்கில் குச்சி எல்லாம் கொண்டுவருகிறேன். குச்சியை நான்கு பக்கம் நட்டு, சாக்கைச் சுற்றி, மேலே ஒரு தொப்பி. ஒரு மொட்டுகூடப் போகாது.

வேண்டாம் என்று பதில் எழுதாதீர்கள், எழுதினாலும் வருவேன். அண்ணி, உங்களுக்கு அந்த வீடு இருக்கிறது. அவன் சட்டை இருக்கிறது, ஷேவிங் பிரஷ் இருக்கிறது, அவன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கின நாற்காலி இருக்கிறது. என்னிடம் அவன் வைத்த பட்டப்பெயர் ஒன்றுதான் இருக்கிறது. இந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது. உங்கள் கடிதத்தின் தலைப்பில் பார்த்தால்தான் உண்டு. அந்தச் செடியில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்ல வருகிறேன்.

வாலு


நவம்பர் 20

அண்ணிக்கு,

நீங்கள் எழுந்திருப்பதற்குள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். சொல்லாமல் போனது தப்புதான். சொல்லிக்கொள்ள நின்றிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன், அது அதைவிடப் பெரிய தப்பாகியிருக்கும்.

ஆனால் நான் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது. செடி என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினது போல. அவ்வளவு செழிப்பான செடியில் ஒரு மொட்டு இல்லை. பனி கருக்கிய மொட்டு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். தவிட்டு நிறமாகிக் கிளையிலேயே காய்ந்து தொங்கும். உங்கள் செடியில் ஒன்றும் தொங்கவில்லை. கிளை நுனிகளில் சின்னச் சின்னத் தழும்புதான் இருந்தது. பச்சையாக, பிசிறில்லாமல். அது பனியின் வேலை இல்லை, நகத்தின் வேலை. பல் ராவுகிற கை, அதனால்தான் அவ்வளவு சுத்தம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் வந்து நின்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளெல்லாம் ரயில்ல வந்திருக்கே, போய்ப் படு" என்றீர்கள். அது ஒரு பதிலா, அண்ணி?

அவன் கையால் நட்ட செடி அது. கப்பல் சமையல்காரர் கொடுத்த ஒரு சாண் குச்சியை ஈரத்துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். குழந்தைக்குப் பால் கொடுப்பது போல ஸ்பூனில் தண்ணீர் விட்டான், நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். அதைப் பூக்கவிடாமல் கிள்ளிக் கிள்ளிப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அவன் மேல் கோபமா? என் மேலா?

ஆத்திரம் தீரச் சாக்கைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். கடையில் விதை மூட்டைக்குப் போடும் முடிச்சு, லேசில் அவிழாது. இனி அதற்குள் காப்பாற்ற இலை மட்டும்தான் இருக்கிறது, அதுவாவது பிழைக்கட்டும். பனிக்காலம் முடியும்வரை தொடாதீர்கள்.

வாலு என்று போட்டுக்கொள்ள இன்றைக்குக் கை வரவில்லை.


டிசம்பர் 3

வாலு,

ஆமாம், நான்தான் கிள்ளினேன். அடுத்த வருஷமும் கிள்ளுவேன்.

முதல் வருஷம் பனிதான் கருக்கியது. அதில் பொய் இல்லை. ரொட்டிக்காரர் அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்டிய வாரம் அது, சுவர் ஜில்லென்று கிடந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். எல்லா மொட்டும் போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஏன் என்று எனக்கே உடனே புரியவில்லை, வேலைக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. முதல் பூவுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்றார். முதல் பூ வரவில்லை. அப்படியென்றால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உன் அண்ணன் உப்பு வாங்கிவரப் போனால் மூன்று தெரு சுற்றிவிட்டு வருகிற ஆள். தாமதமாக வருவார், திட்டு வாங்குவார், பல்லைக் காட்டுவார். ஆனால் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்ததில்லை. அடுத்த வருஷம் பனி வந்து என்னைக் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பனி செய்ய வேண்டியதை நானே செய்துவிட்டேன். ஒவ்வொரு மொட்டைக் கிள்ளும்போதும், இன்னும் கொஞ்சம் டைம் வாங்கிக் கொடுத்தாச்சு, வந்துடுங்க என்று வாய்விட்டுச் சொல்வேன். ரொட்டிக்காரர் காதில் விழுந்திருந்தால் நான் செடியோடு பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நீயும் பைத்தியம் என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். நாள் முழுக்க, ஊரில் யார் யாருக்கோ இல்லாமல் போனதை இருப்பது போலச் செய்து கொடுக்கிறேன். அதற்கு யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்வதில்லை, அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கோபமா என்று கேட்டாய். அவர் மேல் இல்லை. உன் மேல் இருக்கிறது. நீ பூவைப் பார்க்க அவசரப்படுகிறாய். அது பூத்துவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பேன் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

நீ கட்டின சாக்கு, நீயே வந்து அவிழ்த்துக்கொள். நான் பின்கதவைப் பூட்டிவிட்டேன். அந்தப் பக்கம் போகப்போவதில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணி


ஜனவரி 11

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி அதைப் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்று எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் குச்சி கொடுத்த கப்பல் சமையல்காரரின் மனைவி கடைக்கு வந்தார். நாம் கப்பல் கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த நாளில், நம் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருந்தாரே, அவர்தான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெங்காய விதை கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த குச்சி என்ன நிறம் பூக்கும், தெரியுமா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "எந்தத் துறைமுகத்துல வாங்கினாரோ, எங்கிட்ட சொல்லல" என்றார். தெரிந்த ஒரே ஆளும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார்.

கிளம்பும்போது தானாகவே சொன்னார். "அவரு தட்டை எடுத்துப் பரண்மேல போட்டுட்டேன்மா. தினம் கழுவிக் கவுத்து வெக்க முடியல." எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவசரப்பட்டுட்டீங்களே என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நான் உங்களுக்கு எழுதின கடிதமெல்லாம் என் கண்முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன். உங்கள் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போனது, திரும்பி வரவில்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

வாலு


பிப்ரவரி 22

அண்ணிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் போட மாட்டீர்களோ என்னவோ. ஆனால் இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் போனாராம். உள்ளே விளக்கு எரிந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை என்றார். நீங்கள் திறக்காததற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் கதவு இருந்திருந்தால் சாத்தியிருப்பேன். கடையில் நின்றிருந்தேன், சாத்த முடியவில்லை.

மீன்பிடிக்கிறவர்களின் வலையில் ஒரு பலகை வந்ததாம். உயிர்காக்கும் படகினுடையது. கப்பல் பெயர் அதில் அப்படியே இருக்கிறதாம். படகில் யாரும் ஏறினதற்கு அடையாளம் இல்லை என்றார். இனி தேடப்போவதில்லை என்றார். வருத்தம் தெரிவித்தார். நல்ல மனுஷர்தான். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். அப்புறம் கீரை விதை ஒரு பொட்டலம் கேட்டார், அண்ணி. நானும் மடித்துக் கொடுத்தேன். எப்போது விதைக்க வேண்டும் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் உரமூட்டை மேல் உட்கார்ந்தேன்.

நான்தான் முதலில் "இல்லாவிட்டாலும்" என்று எழுதினவள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதினேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் ஒருவர் அங்கே காத்திருக்கிறீர்கள் என்கிற தைரியத்தில்தான் நான் அப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் நிறுத்திவிட்டால் அவன் செத்துப்போய்விடுவான்.

கிள்ளுங்கள், அண்ணி. சாக்கை அறுத்தெறிந்துவிட்டுப் பாருங்கள். சுவர்ப்பக்கம் அன்றைக்கு என் கை போகவில்லை, அங்கே ஏதாவது மிச்சம் இருந்தாலும் இருக்கும். இருந்தால் விட்டுவைக்காதீர்கள். அடுத்த வருஷம் மொட்டு வைக்கும்போது நானும் வருகிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து கிள்ளலாம். மேல்கிளை உங்களுக்கு எட்டாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலு


மார்ச் 2

வாலு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பின்கதவைத் திறந்தேன். பூட்டில் துரு ஏறியிருந்தது. உன் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, சமையலறைக் கத்தியை எடுத்துவந்து அறுத்தேன்.

நீ நல்லபடியாகத்தான் கட்டியிருக்கிறாய். உள்ளே ஓர் இலைகூடக் கருகவில்லை, வெளிச்சம் இல்லாமல் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருந்தது. சுவர்ப்பக்கம் பார் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அங்கே பார்ப்பதற்கு முன்னால் கீழே பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு பூ. இதழ் இதழாக உதிரவில்லை, முழுசாக அப்படியே விழுந்து கிடந்தது. நாம் இரண்டு பேரும் பார்க்காத ஒரு மொட்டு சுவருக்கும் கிளைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. உன் சாக்கும் ரொட்டிக்காரர் அடுப்புமாகச் சேர்ந்து அதைக் காப்பாற்றியிருக்கின்றன. அது பூத்து, இருக்க வேண்டிய நாள் இருந்து, விழுந்தும் விட்டது. கையில் எடுத்தேன். வடிகட்டி எறிந்த டீத்தூள் நிறத்தில் இருந்தது. உள்ளே நடுவிலாவது கொஞ்சம் நிறம் மிச்சம் இருக்கும் என்று ஒவ்வொரு இதழாகப் பிரித்துப் பார்த்தேன், இல்லை. சிவப்பா, வெள்ளையா, ரோஸா, சொல்ல முடியவில்லை. பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை.

என்றைக்குப் பூத்தது என்றும் தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேனா, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேனா? ஹெட்மாஸ்டர் கடைசியாகப் பல்லைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் சிரித்துக் காட்டினார், கூடத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அன்றைக்காக இருக்குமோ? அவர் வராமல் போன நாள் ஒன்று இருந்திருக்கிறது, வாலு. அது என் வீட்டுப் பின்கதவுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டுப் போயிருக்கிறது. நான் கதவைப் பூட்டி வைத்திருந்தேன்.

ரொட்டிக்காரர் சாக்கு கிழிகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பூத்துச்சா?" என்றார். பூத்துச்சு என்றேன். "ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். "எங்கிட்டயே சொல்லல" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் வீட்டம்மா வந்து, வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

நீ கட்டாமல் விட்டிருந்தால் பனி அதையும் கருக்கியிருக்கும். உன்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன். சொல்லவே இல்லையென்றால் நீ என்னை நம்பமாட்டாய்.

பலகையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஆள் கதவைத் தட்டியபோது நான் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். நல்ல செய்தி கொண்டுவருகிறவன் அப்படித் தட்டமாட்டான். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே, செடியில் மொட்டு இல்லை, மொட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்குக்குள் அது ஏற்கெனவே விழுந்து கிடந்திருக்கும்.

சேர்ந்து கிள்ளலாம் என்கிறாய். எதற்கு? இரண்டாவது பூவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இனி அது பாட்டுக்குப் பூத்துக்கொள்ளட்டும். நீ வருவதானால் வா. நிறம் பார்க்க நீ மட்டும்தான் மிச்சம். எனக்குப் பார்க்க வேண்டும் என்று இல்லை.

இனி கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போனைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை ஆள் வருகிறான். நம்பர் பழையதுதான். அடித்தால் எடுக்கிறேன். முன்பு போல ஓடி வரமாட்டேன், மெதுவாகத்தான் வருவேன், வைத்துவிடாதே. யாராக இருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. நீயாகத்தான் இருப்பாய்.

அண்ணி